ஜன்னல் துடைப்பவரின் வேன்: ஏற்ற வேண்டியவையும் இறக்க வேண்டியவையும்

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்திலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

துப்புரவு நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை செய்த அவர், கடந்த ஆண்டு பழைய வேன் ஒன்றை வாங்கி, மனைவியின் தம்பியையும் 19 வயது இளைஞர் ஒருவரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலைச் சொந்தமாக நடத்தி வருகிறார். வரிசை வீடுகள், பங்களாக்கள், மூன்று மாடிக் கடைவீடுகள் வரை வேலை எடுக்கிறார். வேனில் 300 லிட்டர் சுத்திகரித்த நீர்த் தொட்டி, கார்பன் இழையாலான நீண்ட தூரிகைக் கம்பு, இரண்டு ஏணிகள், வாளிகள், பிளேடு பொருத்திய சுரண்டிகள் ஆகியவை இருக்கின்றன. கடந்த ஆறு வாரங்களில் மூன்று சம்பவங்கள் அவரைக் கலங்கச் செய்திருக்கின்றன. செராஸில் புதுப்பிக்கப்பட்ட வீடொன்றில், கண்ணாடியில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தெறிப்புகளை எடுக்க, ஹார்ட்வேர் கடையில் மினரல் நீர்ப் புட்டியில் ஊற்றித் தந்த ‘ஆசிட்’ ஒன்றைப் பயன்படுத்தியபோது மைத்துனருக்கு வலி எதுவும் தெரியவில்லை. ஆனால் அன்றிரவு இரண்டு விரல் நுனிகளில் தாங்க முடியாத வலி கண்டு, பற்பசையைத் தடவிக்கொண்டு படுத்திருக்கிறார். அடுத்த வாரம் இளைஞரின் கட்டைவிரலைப் பிளேடு வெட்டியபோது, முதலுதவிப் பெட்டி வாளிகளுக்கு அடியில் கிடந்ததால், வீட்டுக்காரரிடம் கோப்பித் தூள் வாங்கி அப்பியிருக்கிறார்கள். மூன்றாவதாக, நண்பகல் வெயிலில் நம் வாசகருக்கே தலை சுற்றி, ஏணியின் கீழ்ப்படியில் உட்கார நேர்ந்திருக்கிறது. அவருக்கு ஐந்து ஆண்டுகளாக இனிப்பு நீர் நோய் (நீரிழிவு) உண்டு.

இதன்பிறகு அவர் வேனில் கூடுதலாக ஏற்ற வேண்டிய 34 பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறார். அவருடைய மனைவியோ, “இது வேனா, மளிகைக் கடையா?” என்று கேட்கிறாராம். எந்தெந்தப் பொருள் உண்மையில் பயன்படும், வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் வைத்திருக்கலாமா, தொட்டி நீர் அவ்வளவு சுத்தமானது என்றால் அதையே குடிக்கலாமா, ஒரு சேஃப்டி பெல்ட் வாங்கி வைத்துக்கொண்டால் நான்கு, ஐந்து மாடி வேலையும் எடுக்கலாமா, மூன்று பேர் மட்டுமே உள்ள தொழிலுக்கு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று நண்பர் சொல்வது சரிதானா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். உடன் வேலை செய்பவர்கள் மீது உங்களுக்கு இருக்கும் அக்கறை அதில் தெரிகிறது. தொழில்நல மருத்துவர் என்ற முறையில் எனக்கும் அதே அக்கறை உண்டு என்பதால், பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதற்கு முன், இப்போதே வேனிலிருந்து இறக்க வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் புட்டி

பகலில் வலியில்லாமல் இருந்து, பல மணி நேரம் கழித்து இரவில் விரல் நுனிகளிலும் நகத்தடியிலும் ஆழமாக வலித்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அல்லது அதன் உறவான அம்மோனியம் பைஃபுளோரைடு. துருக் கறை, கண்ணாடிக் கறை, கல் கறை ஆகியவற்றை நீக்கும் சில கலவைகளில் இவை சேர்க்கப்படுகின்றன. புட்டியைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இதுவல்ல என்று உறுதியாகும்வரை இதுதான் என்று கருதி நடந்துகொள்வதே பாதுகாப்பு. மற்ற அமிலங்கள் தோலைத் தொட்டவுடன் எரியும். கையை உடனே உதறிக் கழுவிவிடுகிறோம். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ எரிச்சல் காட்டாமல் தோலுக்குள் இறங்கி, உடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வலி தாமதமாக, சில வேளைகளில் 24 மணி நேரம் வரை தாமதித்து, எலும்பிலிருந்து எழுவதுபோல் வருகிறது. அதிகப் பரப்பில் பட்டால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து, இதயத் துடிப்பே தடுமாறி உயிர் போகக்கூடும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. ‘வலி இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தோம்’ என்பது ஒன்று. இந்த அமிலத்தைப் பொறுத்தவரை வலியின்மைக்கு எந்தப் பொருளும் இல்லை. ‘கையுறை போட்டுத்தான் செய்தார்’ என்பது மற்றொன்று. மெல்லிய ரப்பர்க் கையுறையில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும், உள்ளே புகுந்த திரவம் வெளியேற வழியின்றி, கையுறையே அதை விரலோடு சேர்த்து மணிக்கணக்கில் அழுத்தி வைத்திருக்கும். மைத்துனரின் விரல் நுனியில் இப்போதும் நிறமாற்றமோ, மரத்துப்போதலோ, நகத்தில் கறுப்போ இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என்ன பயன்படுத்தினார், எத்தனை மணி நேரம் கழித்து வலித்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கடைக்குத் திரும்பிப்போய், அது எந்தக் கலனிலிருந்து ஊற்றப்பட்டது என்று பார்த்து, அதன் முகப்புத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீங்கு விளைவிக்கும் வேதிப்பொருளை விற்பவர் முறையான முகப்புத் தாளும் பாதுகாப்புத் தரவுத் தாளும் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. மினரல் நீர்ப் புட்டியில் வாங்கும் எதற்கும் இவை இருக்கப்போவதில்லை. தாகத்தில் யாராவது அதை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இந்த அமிலப் புண்ணுக்கு 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்ற மருந்து உண்டு. அதை வாங்கி வேனில் வைத்துக்கொண்டு அமிலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று நீங்கள் அடுத்து கேட்கக்கூடும். என் பதில், வேண்டாம் என்பதே. கண்ணாடியையே கரைக்கும் அமிலம் அது. சிமெண்டுப் பொட்டை எடுத்துவிட்டு வாடிக்கையாளரின் கண்ணாடியில் மங்கலான தழும்பை விட்டுச் செல்லக்கூடியது. நீர் தெளித்துப் புதுப் பிளேடால் மெல்ல எடுப்பது, வராத இடத்தை வராது என்று நேர்மையாகச் சொல்வது, ஏற்கெனவே அரித்துப்போன கண்ணாடிக்கு சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுபவரைக் கைகாட்டுவது ஆகியவை உங்களுக்கும் நல்லது, உங்கள் பெயருக்கும் நல்லது. மீதமுள்ள திரவத்தைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

எப்போதாவது மீண்டும் இது யார் மேலாவது பட்டுவிட்டால், உடையையும் கையுறையையும் உடனே கழற்றிவிட்டு, ஓடும் நீரில் கழுவத் தொடங்குங்கள். ஒருவர் 999ஐ அழைக்கட்டும். வலி இருக்கிறதோ இல்லையோ, மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே ‘ஆசிட் பட்டது’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஃபுளோரைடு கலந்த ஆசிட்’ என்று சொல்லுங்கள். சிகிச்சையே அந்த ஒரு சொல்லில் மாறுகிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண்ணை மூவருடைய கைப்பேசியிலும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்று. ஜன்னல் சட்டத்தின் பூஞ்சைக்காக நீங்கள் வைத்திருக்கும் குளோரின் ப்ளீச்சும் அமிலக் கழுவியும் ஒரே பெட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு எழும்; ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடிக் கழுவி சேர்ந்தாலும் நுரையீரலைத் தாக்கும் வாயு உண்டாகும். கதவுகள் மூடிய வேனுக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது இது நடக்கலாகாது. தனித்தனி மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் போதும், ஒன்று வலப்பக்கம், மற்றொன்று இடப்பக்கம். உங்கள் 34இல் இல்லாத இந்த இரண்டு தொட்டிகளைத்தான் நான் முதலில் சேர்ப்பேன்.

தொட்டி நீர்

அளவுக் கருவி பூஜ்யம் காட்டுகிறது, ஆகவே கடையில் விற்கும் நீரைவிட இது சுத்தம் என்பது உங்கள் எண்ணம். அந்தக் கருவி அளப்பது நீரில் கரைந்துள்ள உப்புகளை மட்டுமே. கிருமிகளை அது காணாது. குழாய் நீரில் கிருமியைக் கட்டுப்படுத்தும் குளோரினை உங்கள் கரி வடிகட்டி நீக்கிவிடுகிறது. அதன்பின் அந்த நீர் வெயிலில் நிற்கும் வேனில், வெதுவெதுப்பான தொட்டியில் நாள்கணக்கில் தேங்குகிறது. கிருமி வளர இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா இத்தகைய நீரில் பெருகி, தெளிக்கும்போது பறக்கும் துளிகளை மூச்சோடு இழுப்பவருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடியது. ஆகவே அந்த நீரைக் குடிக்க வேண்டாம். நீண்ட விடுமுறைக்கு முன் தொட்டியை வடித்துவிடுங்கள். தேங்கிக் கிடந்த குழாயை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். வாளிகளையும் கவிழ்த்து வையுங்கள். ஒரு வாரம் கிடக்கும் வாளித் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

ஆனால் அதே தொட்டி ஒரு வகையில் உங்கள் வேனின் மிகச் சிறந்த முதலுதவிக் கருவி. கண்ணிலோ தோலிலோ வேதிப்பொருள் பட்டால் 15 முதல் 20 நிமிடங்கள் இடைவிடாமல் கழுவ வேண்டும். காரக் கழுவிகள் அமிலத்தைவிடக் கண்ணுக்குள் ஆழமாக இறங்குவதால் அவற்றுக்கு இன்னும் கூடுதலான நேரம் தேவைப்படலாம். கடையில் வாங்கும் 500 மில்லிலிட்டர் உப்புநீர்ப் புட்டி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அது தொடக்கத்துக்கு மட்டுமே. அருகில் வீட்டுக் குழாய் இருந்தால் அதற்கே போங்கள். இல்லையென்றால் கிருமியை எண்ணித் தயங்காமல் தொட்டி நீரில் கழுவுங்கள், அந்த நேரத்தில் கண்ணைக் காப்பதுதான் பெரிது. இதற்காக அழுத்தம் இல்லாத ஒரு தனிக் குழாயைத் தொட்டியின் அடியில் பொருத்தச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற குழாயில் முதலில் வரும் நீர் சுடும் என்பதால், கையில் விட்டுப் பார்த்த பிறகே கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

முதலுதவிப் பெட்டியும் மாத்திரைகளும்

கோப்பித் தூளும் பற்பசையும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த கைவைத்தியம். அன்போடு செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் வெட்டுக்குள் போன தூளை நாங்கள் பிறகு துகள் துகளாகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது. அதன் அடியில் நரம்போ தசைநாணோ அறுந்திருப்பது தெரியாமலும் போகிறது. சுத்தமான கட்டுத்துணியை வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், 10 நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றபின் விரலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள்; நுனியில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும், வாய் பிளந்த வெட்டாக இருந்தாலும், அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு சதையில் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். அதைச் சுற்றி அணை கட்டினாற்போல் துணியை வைத்துக் கட்டி அழைத்துச் செல்லுங்கள். அழுக்குப் படிந்த பிளேடு என்பதால், மூவரும் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டது எப்போது என்று பாருங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது. அழுக்கான காயமென்றால் 5 ஆண்டு கடந்திருந்தாலே மருத்துவர் போடச் சொல்லலாம்.

பெட்டியில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கிருமி நீக்கிய கட்டுத்துணிகள், அகலமான அழுத்துக்கட்டு இரண்டு, சுற்றுத்துணி, முக்கோணத் துணி, ஒட்டுப்பட்டைகள், கத்தரிக்கோல், சிறு இடுக்கி, கையுறைகள், இரண்டு உப்புநீர்ப் புட்டிகள், சில சுத்தமான பிளாஸ்டிக் பைகள். துண்டான விரல் நுனியை ஈரத் துணியில் சுற்றிப் பையிலிட்டு, அந்தப் பையைத்தான் பனிக்கட்டிமேல் வைக்க வேண்டும் என்பதால் பையையும் சேர்த்தேன். இவற்றோடு, பயன்படுத்திய பிளேடுகளைப் போடுவதற்குக் கெட்டியான, மூடியில் கீறல் இட்ட டப்பா ஒன்று அவசியம். குப்பைப் பையில் கிடக்கும் பிளேடு அடுத்தவர் கையை வெட்டும்.

மாத்திரைகள் பொதுப் பெட்டியில் வேண்டாம். வெயிலில் மூடி நிற்கும் வேனின் உள்வெப்பம் 50 பாகையைத் தாண்டும். பெரும்பாலான மருந்துகளை 30 பாகைக்குள் வைக்க வேண்டும் என்று உறையிலேயே எழுதியிருக்கும். பழைய மருந்துச் சீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைக் காயத்துக்குத் தருவது பயனற்றது, சில வேளை ஒவ்வாமையால் ஆபத்தானதும்கூட. உங்கள் பட்டியலில் உள்ள டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை எனக்கு இன்னும் கவலையளிக்கிறது. நம் ஊரில் உடல்வலியோடு வரும் காய்ச்சல் டெங்கியாக இருக்கலாம். டெங்கியில் இவ்வகை மாத்திரைகளும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடும். அவரவர் மருந்து அவரவர் பையில் இருக்கட்டும். யாருக்காவது குளவி கொட்டினால் மூச்சு இழுத்து முகம் வீங்கும் வரலாறு இருந்தால், அவர் மருத்துவரிடம் பேசித் தமக்கென்று அட்ரினலின் ஊசியை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கூரையோரம் தெபுவான் என்னும் பெருங்குளவியின் கூட்டைக் கண்டால் அன்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கம்பால் தட்டிப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

வெயிலும் உங்கள் இனிப்பு நீரும்

ஏணிப் படியில் உட்கார நேர்ந்ததை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அதைக் கடந்துபோக மாட்டேன். தலைசுற்றல் இரண்டு படிகள் மேலே இருந்தபோது வந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

நம் ஊரின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. தாகம் வரும்வரை காத்திராமல், 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது ஏறத்தாழ 250 மில்லிலிட்டர், குடிக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்தால், மூன்று பேருக்கு ஆறு மணி நேர வேலைக்கு 13 லிட்டருக்கு மேல் வருகிறது. ஆகவே 15 லிட்டர் குடிநீர் தனியாக, ஐஸ் பெட்டியோடு வேனில் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் ஆறு சிறு புட்டிகள் மட்டுமே இருந்தன. வாய்வழி உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் சிலவும் வைத்துக்கொள்ளுங்கள். உறையில் சொன்ன அளவு நீரில்தான் கரைக்க வேண்டும்.

உங்களுக்கு மெட்ஃபோர்மினோடு கிளிக்ளசைடும் தரப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிளிக்ளசைடு, உணவு தள்ளிப்போனால் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், தலைசுற்றல் ஆகியவை வெயிலின் அறிகுறிகளாகவும் இருக்கலாம், சர்க்கரை சரிந்ததன் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய சர்க்கரை அளக்கும் சிறு கருவிதான் உதவும். அதை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வேனின் முன்பலகையில் வெயிலில் விட வேண்டாம். அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலோ, அளக்கவே நேரமில்லையென்றாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். தைப்பூச விரதத்தில் ஒருவேளை உணவோடு ஏணி ஏறுபவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. விரதம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் போய் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டின் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. நீங்கள் இதில் தனியாக இல்லை. மைத்துனரையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெயிலில் ஒருவர் பேச்சுத் தடுமாறி, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்லத் தொடங்கினால், அது வெப்பத்தாக்கு. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. 999ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீரைப் பாய்ச்சி விசிறிக்கொண்டே இருங்கள். தெளிவில்லாதவர் வாயில் நீர் ஊற்ற வேண்டாம். இங்கும் உங்கள் 300 லிட்டர் தொட்டி உதவும். முதலில் வரும் சூடான நீரை மட்டும் தரையில் விட்டுவிடுங்கள்.

பிற்பகல் மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஏணியையும் கார்பன் கம்பையும் கீழே வைத்துவிட்டு வேனுக்குள் போய்க் கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொள்ளுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே இறங்குங்கள். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். கடைவீடுகளின் பின்சந்தில் மின்கம்பி செல்லும் பக்கத்தில் அந்தக் கம்பை வானிலை எப்படி இருந்தாலும் உயர்த்தக் கூடாது.

சேஃப்டி பெல்ட்

இதில் நான் கண்டிப்பாகவே பேச வேண்டும். பெல்ட் என்பது தனியே வாங்கி வைத்தால் காக்கும் பொருளன்று. அதைக் கொக்கியிட உறுதி சோதிக்கப்பட்ட பிடிப்பிடம், அணியவும் பார்வையிடவும் பயிற்சி, விழுந்து தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் கீழே இறக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. பட்டையில் அசையாமல் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கி, மிக விரைவில் மயக்கம் வரும். இறக்கத் தாமதமானால் உயிரே போகலாம். வாடிக்கையாளரின் ஜன்னல் கம்பியில் கொக்கியிட்டுவிட்டு ஐந்தாம் மாடிச் சுவரோரம் நிற்பது, பெல்ட் இல்லாமல் போக அஞ்சும் இடத்துக்குப் பெல்ட்டை நம்பிப் போவதாகிவிடும். அந்த வேலைகளைக் கயிற்றுப் பணிக்குப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அந்தப் பணத்தில் ஏணியின் தேய்ந்த ரப்பர்க் காலணிகளை மாற்றுங்கள், வழுக்கும் ஓட்டுத் தரைக்கு ஒரு தடிப்பான விரிப்பு வாங்குங்கள், மேல்முனையைக் கட்ட இரண்டு பட்டைக் கயிறுகளை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் கால் சுவரைவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஏணி நிற்கும் நடைபாதையில் வைக்க இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளும் தேவை, ஏனெனில் கடைவீட்டு ஐந்தடி நடையில் நடப்பவர் மேலே பார்த்து நடப்பதில்லை.

சட்டமும் சொக்சோவும்

நண்பர் சொன்னது இன்று சரியல்ல. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுப் பணியாளர், ஆயுதப்படை, கப்பல் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, நாட்டின் எல்லாப் பணியிடங்களையும் அது தழுவுகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். உங்களிடம் இருவர் என்பதால் அந்தக் கடமை இல்லை. ஆனால் வேலையின் ஆபத்துகளை மதிப்பிட்டு அவற்றைக் குறைக்கும் கடமை உங்களுக்கு உண்டு. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் தண்டம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பதையும் இந்தத் திருத்தம் சேர்த்திருக்கிறது. 19 வயதுப் பையன் ‘ஏணி ஆடுகிறது, அண்ணா’ என்று சொல்லும்போது அவனைக் கோபிக்காதீர்கள்.

இருவரையும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிந்துவிட்டீர்களா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மைத்துனர் உறவினர்தானே என்று விட்டிருந்தால் உடனே பதியுங்கள். சம்பளம் வாங்குபவர் உறவினரானாலும் தொழிலாளிதான். உங்களுக்குத் தனியே, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சுயதொழில் செய்வோருக்கான திட்டம் இருக்கிறது. விபத்து நடந்தது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே வேனில் ஒரு குறிப்பேடும் பேனாவும் தொங்கட்டும். எந்த நாள், எந்த நேரம், என்ன பொருள், யார் பார்த்தார்கள் என்று நான்கு வரி எழுதினாலே போதும். மைத்துனரின் விரல் விஷயத்தையும் நினைவிலிருக்கும்போதே எழுதிவைத்துவிடுங்கள்.

பட்டியலில் மீதமுள்ளவை

உங்கள் 34இல் முழங்கால் மெத்தை, நெற்றி விளக்கு, உதிரி ரப்பர்ப் பட்டைகள், மாற்றுச் சட்டை, பழைய துண்டுகள், காலணி உறை, மழைச்சட்டை ஆகிய அனைத்தும் நல்லவை. அவற்றில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கைகள் நாள் முழுவதும் நனைவதால் வெடித்து அரிப்பெடுக்கும். வாசனையில்லாத கெட்டியான கைக்களிம்பு ஒன்றைச் சேருங்கள். நீங்கள் எழுதாத இன்னொன்று, சிறிய வெள்ளைப் பலகை. ‘ஜாலான் 3/14பி’ என்பதுபோல் எண்களே பெயரான தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலைகளில், பதற்றத்தில் ஆம்புலன்சுக்கு முகவரி சொல்லத் தடுமாறியவர்களைக் கண்டிருக்கிறேன். காலையில் வேலையிடத்தை அடைந்தவுடன் முழு முகவரியையும், அருகிலுள்ள அடையாளத்தையும், காவல் வாசல் எந்தப் பக்கம் என்பதையும் அதில் எழுதி முன்கண்ணாடியில் வையுங்கள்.

எடையையும் கணக்கிடுங்கள். 300 லிட்டர் நீர் 300 கிலோகிராம். மூன்று பேர், ஏணி, வாளி, இப்போது 15 லிட்டர் குடிநீர் எல்லாம் சேர்ந்து உங்கள் சிறு வேனுக்கு அனுமதித்த சுமையைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தொட்டி சட்டத்தோடு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே தடுப்பு உண்டா என்று பாருங்கள். தடுப்பில்லாத தொட்டியில் பாதி நீர் இருக்கும்போது வளைவில் அது அலையடித்து வேனையே இழுக்கும். இடமும் எடையும் போதாவிட்டால் உதிரிச் சாமான்களைக் குறையுங்கள், குடிநீரைக் குறைக்காதீர்கள்.

முதலுதவிப் பெட்டி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரே கையால் கழற்றக்கூடிய பட்டையில் இருக்கட்டும். திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன், அந்த இளைஞரிடம் ஒரு கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு பெட்டியை எடுத்துத் திறந்து அழுத்துக்கட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கடிகாரத்தை மட்டும் பாருங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆனால், பெட்டியின் இடத்தை மாற்றிவிட்டு மறுநாளும் செய்து பாருங்கள்.